ஏழு பாத்திரத் தண்ணீர்

1953, பிப்ரவரி 24, செவ்வாய்க்கிழமை.

என் பெயர் மசோல். தகப்பனார் யூனோதான், சாயக்காரர். வயது எழுபத்திரண்டு இருக்கும். சமர்கந்து நகரம், கிழக்குப் பேட்டை, எட்டாம் சந்து, பதினோராம் இலக்க வீட்டில் நாற்பத்தாறு வருடமாகக் குடியிருக்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல அதிகாரி எழுதுகிறார். கம்பவுண்டர் வேலை பார்க்கும் என் மகன் நிசோனை ஞாயிற்றுக்கிழமை பிடித்து இந்தக் காவல் நிலையத்தில் அடைத்திருப்பதால், அவனை விடச் சொல்லி நானாகவே வந்து இதைச் சொல்கிறேன்.

அமீர் ஆண்ட காலத்துப் புகாராவில் என் தகப்பனார் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டுதான் வெளியே நடக்க வேண்டும். யூதன் வருகிறான் என்று தூரத்திலேயே தெரிய வேண்டும் என்பது சட்டம். இது வழக்குக்குத் தேவையில்லை என்று அதிகாரி சொன்னார். தேவை என்று நான் சொன்னதால் எழுதப்பட்டது.

போன மாதம், மாஸ்கோவில் யூத டாக்டர்கள் தலைவர்களுக்கு விஷம் வைத்தார்கள் என்று ரேடியோவில் சொன்னார்கள். அதன் பிறகு ரொட்டி வரிசையில் எனக்கு முன்னால் நின்றவன் திரும்பி, "பாட்டி, உன் மவன் குடுத்த இருமல் மருந்த நேத்து குடிச்சேன். இன்னும் உசுரோடதான் இருக்கேன். சரக்கு பழசோ?" என்றான். வரிசையே சிரித்தது. எதிர் வீட்டு ஷரோபத்தும் சிரித்தாள். மேல்வரிசையில் அவளுக்கு இரண்டு பல் இல்லை. அவள் பேத்திக்குப் போன குளிர்காலம் தொண்டை அடைத்தபோது மூன்று நாள் பக்கத்திலேயே இருந்து ஊசி போட்டவன் நிசோன்.

அதன் பிறகு 19ஆம் தேதி வியாழன் காலை என் நாத்தனார் பிரேகோ எங்கள் வீட்டில் இறந்துபோனாள். வீட்டில் சாவு விழுந்தால் பாத்திரத்தில் இருக்கும் தண்ணீரையெல்லாம் வெளியே கொட்டிவிடுவது எங்கள் வழக்கம். கெட்ட சேதியை வாயால் சொல்லக் கூடாது; கொட்டிய தண்ணீரைப் பார்த்து அக்கம்பக்கம் தெரிந்துகொள்ள வேண்டும். தேநீர் போடும் சமோவார், இரண்டு பானை, இரண்டு வாளி, கெண்டி, தொட்டி ஆக ஏழையும், சந்து முழுக்கப் புழங்கும் வாசல் கால்வாயில் நானே கொட்டினேன். அப்போது ஷரோபத் வாசலுக்கு வந்தாள்.

"என்னக்கா, காலங்காத்தால இம்புட்டுத் தண்ணியக் கொட்டுற?"

நான் அடுத்த வாளியைக் கவிழ்த்தேன்.

"எலி கிலி விழுந்துருச்சா?"

நான் வாயைப் பொத்திக் காட்டினேன்.

"அடேயப்பா, எங்கிட்டக்கூடச் சொல்ல மாட்டியாக்கும்!" என்றாள். நான் உள்ளே போய்விட்டேன்.

அதன் பிறகு மதியம் சாவுக்கு அழ வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதுக்குத்தான் வாயப் பொத்துனியாக்கா? நாந்தான் புரியாம வம்பு பேசிட்டேன்" என்று அழுதாள். இதை அவளைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும் என்கிறேன்.

அதன் பிறகு சனிக்கிழமை அவள் பேத்தி வாந்தி எடுத்தது. ஷரோபத் நடுச்சந்தில் நின்று, "அன்னைக்கே கேட்டேன், வாயப் பொத்துனா! நல்ல தண்ணியா இருந்தா எதுக்குப் பொத்தணும்?" என்று கத்தினாள். ஆட்கள் கூடினார்கள். அதில் பாதிப் பேர் நிசோனிடம் மருந்து வாங்கிக் குடித்தவர்கள். யார் யார் என்று பேர் சொல்ல முடியும். மறுநாள் குழந்தையைப் பார்க்க அவன் மருந்துப் பையோடு போனபோது உள்ளே விடவில்லை. தண்ணீரில் விஷம் கலந்தவன் என்று அங்கேயே பிடித்துக் கொடுத்தார்கள். நேற்று அந்தக் குழந்தை வாசலில் ரொட்டி தின்றுகொண்டு நின்றதை என் கண்ணால் பார்த்தேன். இருந்தும் என் மகனை விடவில்லை.

எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னேன். ஏழு பாத்திரத்தில் இருந்த "திரவத்தை"க் கொட்டினேன் என்று வந்தது. அப்படி நான் சொல்லவில்லை என்றேன்.

"பரிசோதனை முடிவு வர்ற வரைக்கும் அது திரவந்தான் பாட்டி. தண்ணியும் திரவந்தானே?"

"அப்ப தண்ணின்னே எழுதுங்க தம்பி. இல்லாட்டி ரேகை வைக்க மாட்டேன்."

அவர் சிரித்தார். அந்தச் சொல்லை அடித்துவிட்டுத் தண்ணீர் என்று எழுதினார். அதன் பிறகு எனக்குத் தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். குடித்து முடிக்கும் வரை காத்திருந்து, இவ்வளவு வயதில் ஏழு பாத்திரத்தையும் நீங்களேவா நிரப்பினீர்கள் என்று கேட்டார்.

"எனக்கு எங்க தம்பி முதுகு வளையுது? எம்மவந்தான். டூட்டிக்குப் போறதுக்கு முன்னாடி தெனமும் அவந்தான் ரொப்பி வைப்பான்" என்றேன்.

இதை அவர் உடனே எழுதினார். எழுதியதை வாசித்தும் காட்டினார். நான் சொன்னபடியே இருந்தது, ஒரு எழுத்துகூட மாறவில்லை. மேற்கொண்டு கேட்க ஒன்றுமில்லை என்றார். மகனைப் பார்க்க வேண்டும் என்றேன். அதற்குப் பதில் எழுதப்படவில்லை.

யாரும் அடிக்காமலும் மிரட்டாமலும் நானே சொன்னது இது. ஒன்றும் மறைக்கவில்லை.

மசோல், யூனோதான் மகள்.
இடது கைப் பெருவிரல் ரேகை.