ஒரு கொப்புக்காக எங்களை நடக்கவைத்த வனவர் ஜெயபாய் அவர்களுக்கு

சாரல் சிந்தும் சரிவுகளின் செல்வியே! கூதல்பாறைப் பள்ளத்தாக்கு வனப்பூங்காவின் கண்ணே, காவலே, கண்டிப்பின் மறுபெயரே! மழையென்றும் மஞ்சென்றும் பாராமல் மலையையே மனையெனக் கொண்ட மாண்பாளரே! இராசபாளையத்தில் பிறந்து, திருவில்லிபுத்தூரில் பணியேற்று, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக முகில் தவழும் முகடுகளையும் ஓடை பாடும் பள்ளங்களையும் ஒருசேரக் காத்து, அகவை அறுபது நிறைந்து, இன்று அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெறும் வனவர் திருமதி ஜெயபாய் அவர்களே! வணங்குகிறோம், வாழ்த்துகிறோம், வியந்து நிற்கிறோம்!

இதுவரைக்கும் அச்சகத்தார் போட்டுக்கொடுத்தது. போன வாரமே அடித்து, கண்ணாடிச் சட்டமும் மாட்டியாகிவிட்டது. இனி வருவது இன்று காலை நடந்த கூத்துக்குப் பிறகு, லாரியின் முன் இருக்கையில் உட்கார்ந்து கையால் எழுதியது. சட்டத்துக்குள் இடமில்லாததால் பின்பக்கம் ஒட்டியிருக்கிறோம். இதில் உங்களை 'நீங்கள்' என்று சொல்லப்போவதில்லை. இத்தனை வருடமும் உங்கள் முதுகுக்குப் பின்னால் நாங்கள் பேசியதெல்லாம் 'அவர்' என்றுதான். அந்தப் பேச்சை ஒருநாளாவது முகத்துக்கு நேரே பேசிவிட ஆசைப்படுகிறோம். கோபிக்காமல் கேட்க வேண்டும்.

ஜெயபாய் அவர்கள் பொறுமையின் சிகரம், அன்பின் அருவி என்றெல்லாம் எழுதத்தான் நினைத்தோம். பேனா நகரவில்லை. பொறுமைக்கும் அவருக்கும் என்றைக்குமே பேச்சுவார்த்தை கிடையாது. பூங்கா வாசலில் குடும்பம் குடும்பமாக வருகிறவர்களின் பையைக் குடைந்து, சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்து, வாழையிலைத் தொன்னையில் கொட்டிக் கொடுத்துவிட்டு, காலிப் பாக்கெட்டை வாங்கி வைத்துக்கொள்வார். பிள்ளைகள் அழும், அப்பாக்கள் கத்துவார்கள். சமாதானம் சொல்லும் வேலை மட்டும் எங்களுக்கு வந்து சேரும். அருவியில் தண்ணீர் கூடினால் யாரையும் கேட்காமல் வாசலில் சங்கிலியைப் போட்டுப் பூட்டிவிடுவார். தேவதானத்திலிருந்து வேன் பிடித்து வந்த கல்யாண வீட்டுக்காரர்கள், "நாங்க எம்புட்டு தூரத்திலருந்து வாரோம் தெரியுமா?" என்று மல்லுக்கு நின்றால், "தண்ணியும் தூரத்திலருந்துதான் வருது, நீங்க போய்ட்டு வாங்க" என்று திரும்பிக்கொள்வார்.

அதையெல்லாம்கூட மன்னித்துவிடலாம். மன்னிக்கவே முடியாதது அந்தக் கொப்பு.

கேட்க வந்திருக்கும் விருந்தினர்களுக்காகச் சொல்கிறோம். இதோ இந்தச் சங்கிலியைத் தாண்டியதும் பாதையின் இடப்பக்கம் நிற்பது நீர்மருது, வலப்பக்கம் நிற்பது காட்டு மாமரம். நீர்மருதின் கொப்பு ஒன்று பாதைக்குக் குறுக்கே தாழ்ந்து நீண்டு, மாமரத்தோடு கைகோத்து நிற்கிறது. இங்குள்ள சாம்பல் மலையணில்கள் தரையில் இறங்க அஞ்சுகிறவை. பாதை போட்டபோதே மற்ற இடமெல்லாம் வெட்டவெளியாகிவிட்டதால், இந்தப்பக்கத்து அணில் அந்தப்பக்கம் போய் இரை தேடவும் துணை தேடவும் அந்தக் கொப்பு ஒன்றுதான் வழி. அதன் கீழே ஜீப் தாராளமாகப் போகும். எங்கள் ஜெயபாய் அவர்கள் ஜீப்பையும் விடமாட்டார்! கேட்டால் ஒரே பாட்டுத்தான். "இன்னைக்கு ஜீப்பு போகும், நாளைக்கு வேன் வரும், பொறவு லாரி வரும். லாரி வந்து கொப்பைக் கேக்கும்."

அலுவலகமோ உள்ளே ஒரு கிலோமீட்டர். அரிசி மூட்டையும் கேஸ் சிலிண்டரும் இரும்பு பீரோவும் எங்கள் தலையிலும் தோளிலும்தான் போயின. சமையலுக்கு இருக்கும் இருளம்மாள் அக்கா, மம்சாபுரத்திலிருந்து கொண்டுவந்த கிரைண்டர் கல்லை இடுப்பில் வைத்து மழையில் தூக்கி வந்த அன்று, "இந்த அம்மாவுக்கு அணிலு என்ன மாமியாரா, மதினியா?" என்று கேட்டது பள்ளத்தாக்கு முழுக்க எதிரொலித்தது. ஆய்வுக்கு வந்த மேலதிகாரி ஒருவர் அட்டை கடித்த காலோடு நடந்து திரும்பினார், அப்புறம் அந்தப்பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. ஜெயபாய் அவர்களே ஒருநாள் பாசியில் வழுக்கி முட்டியைப் பிசக்கிக்கொண்டார். ஓட்டுநர் பாண்டிதுரை அண்ணன் ஜீப்பை எடுக்க ஓடினார். வேண்டாம், நாற்காலியோடு தூக்குங்கள் என்று சொல்லிவிட்டார் பிடிவாதத்தின் பேருருவம்! தூக்கினோம். அவருக்கு முட்டி இன்றுவரை சரியாகவில்லை, எங்களுக்கு இடுப்பு சரியாகவில்லை.

ஓய்வு பெறுகிறவருக்கு மாலை போட்டு, அலுவலக ஜீப்பில் ஏற்றி, வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விடுவது எங்கள் வழக்கம். அதில் பாண்டிதுரை அண்ணன் ஒரு சபதமே எடுத்திருந்தார். முட்டி நோகும் மனுஷியைக் கடைசி நாளிலும் நடக்கவிடக் கூடாது, அலுவலகப் படியிலிருந்தே ஏற்ற வேண்டும் என்று. ஜீப்பின் நெற்றியில் வாழைமரம் கட்டி, தலைக்கு மேலே பூ வளைவு வைத்து, தேர்போல ஜோடித்துவிட்டார். அதன் பின்னாலேயே சாமியானாவும் நாற்காலியும் ஏற்றிக்கொண்டு இராசபாளையத்து லாரி. இரண்டும் சங்கிலிக்கு முன்னால் வந்து நின்றபோதுதான் எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். ஜோடனையும் போகாது, லாரியும் போகாது. வளைவைக் கழற்றலாம், லாரியை இங்கேயே இறக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நுனியைக் கொஞ்சம் கழித்தால் போதும் என்றுதான் தோன்றியது! இத்தனை வருடம் அவரிடம் வேலை பார்த்தவர்கள் நாங்கள்.

அவர் உள்ளே பொறுப்பு ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார் என்ற தைரியத்தில், பாண்டிதுரை அண்ணன் அரிவாளோடு நீர்மருதில் ஏறினார். அவரோ போவதற்கு முன் அணில் கூடுகளை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று, குடையைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்துகொண்டிருந்தார்.

"ஏலே! எறங்குலே!"

"மேடம், நுனியை மட்டுந்தான் மேடம். ஒங்களுக்காகத்தான்..."

"எனக்காகவா?" குடையைப் போட்டுவிட்டு, அந்த முட்டியோடு ஓடி வந்து கொப்புக்கு நேர் கீழே நின்றார். "அப்போ வெட்டு. எந்தலையிலயே விழட்டும்."

மாமரத்திலிருந்து ஓர் அணிலும் கடகடவென்று கத்தத் தொடங்கியது. இரண்டு பக்கமும் வசவு வாங்கினால் எந்த மனுஷன் தாங்குவான்? அண்ணன் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு, கொப்பைக் கட்டிப்பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பிறகு நடந்ததை எழுத எங்களுக்கு மனமில்லை. எழுதாமல் விடவும் முடியவில்லை. அவர் பாதையோரக் கல்லில் உட்கார்ந்து அழுதார். அவர் அழுது நாங்கள் பார்த்ததே இல்லை. கொப்பைக் கேட்டு வெளியாட்கள் வந்தபோதெல்லாம் சண்டை போட்டு அனுப்பியவர். இன்று வெட்ட வந்தது சொந்த ஆட்கள், அதுவும் அவருடைய விழாவுக்காகவே. யாரோடு சண்டை போடுவார்?

"நா இருக்கும்போதே இப்படின்னா, நாளைக்கு?" என்று கேட்டார். "நாளைக்கு யாரு நின்னு எறங்குன்னு சொல்லுவா?"

பாண்டிதுரை அண்ணன் மரத்திலிருந்து இறங்கி, ஜீப்பின் பூ வளைவைப் பிரிக்கத் தொடங்கினார்.

அதனால்தான் விருந்தினர்களே, இந்த விழா சாமியானா இல்லாமல், சங்கிலிக்கு வெளியே, லாரித் தார்ப்பாயின் கீழே, ஒழுகுகிற மழையில் நடக்கிறது. உள்ளே சமைத்ததையெல்லாம் இருளம்மாள் அக்கா மறுபடியும் சுமந்துகொண்டு இறங்கினார். "போற அன்னைக்கும் சொமக்க வச்சிட்டாவளே" என்று அவர் சொன்னது பாயச வாளிக்குக்கூடக் கேட்டிருக்கும்.

அம்மா, இனி மறுபடியும் நீங்கள். காலையில் நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதத்தான் லாரியில் ஏறி உட்கார்ந்தோம். எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டீர்கள். சங்கிலிச் சாவியை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, காலையிலிருந்து தொட்டுத் தொட்டுப் பார்க்கிறீர்கள். நாங்களும் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறோம். அதைக் கொடுத்துவிட்டுத்தான் நீங்கள் ஜீப்பில் ஏற வேண்டும். புது வனவர் வரும்வரைக்கும் அது பாண்டிதுரை அண்ணனிடம் இருக்கட்டும். முறைக்காதீர்கள்! பூ வளைவைப் பிரித்துப்போட்ட பிறகு அவர் எங்களிடம் வந்து தானாகக் கேட்டது அது ஒன்றுதான். நாளைக்கு எவர் வந்து ஜீப்பு மட்டும் போகட்டும் என்றாலும், எங்கள் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தப்போவது அவர்தான். இன்று உங்களிடம் வாங்கிய வசவு அப்படி.

மலைமகளே, மழைமகளே! முட்டி வலி நீங்கி, முகம் மலர்ந்து, மருதுபோல் நெடுநாள் நிமிர்ந்து, நோயின்றி, குறையின்றி, சுற்றம் சூழ நூறாண்டு வாழ்க! இராசபாளையத்து வீட்டிலும் யாரையாவது நடக்கவைத்துக்கொண்டே இருங்கள். சாவி கைமாறட்டும். நாளைக் காலையிலும் சிலிண்டரைத் தோளில் ஏற்றி, சாரலில் நனைந்து, அந்தக் கொப்புக்குக் கீழே நாங்கள் நடப்போம். உங்களைத் திட்டிக்கொண்டேதான் நடப்போம்.

நடந்து நடந்து கால் ஓய்ந்த,
கூதல்பாறைப் பள்ளத்தாக்கு வனப்பூங்காப் பணியாளர்கள்.

சங்கிலி வாசல்.
வாசித்தளித்தவர்: வனக்காப்பாளர் கார்த்திகா.