அறுபடாத பச்சைக் கோடு

எனக்குச் சத்தம் ஆகாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். குக்கர் இரண்டாவது விசிலுக்குத் தயாராகும்போதே ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிடுவேன். இவளைச் சமைக்க விட்டால் வீட்டில் எதுவும் முழுசாக வேகாது என்று அக்கா கேலி செய்வாள். போன மாதம் வரைக்கும் செய்தாள்.

நீங்கள் மூவரும் விசாரணைக் குழு என்று வந்து உட்கார்ந்ததிலிருந்து 'ஏன்' என்றுதான் கேட்கிறீர்கள். சொல்கிறேன். மறைக்க என்ன இருக்கிறது? ஆனால் குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

இந்தப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பது என் வேலை. கடையில் கிடைக்காததை, அவரவர் அளவுக்குத் தைத்துக் கொடுப்பேன். பேராசிரியர்கள் வேண்டியதில் பாதியைத்தான் சொல்வார்கள். மீதியை நானாக ஊகித்துச் செய்தால், "நான் கேட்டது இது இல்லையேம்மா" என்பார்கள். அதெல்லாம் பழகிப்போன விஷயம்.

இதய ஆய்வும் அப்படித்தான் வந்தது. அதை நடத்தும் பேராசிரியருக்கு 'நாடி' என்று பட்டப்பெயர். யாரிடம் கைகுலுக்கினாலும் மணிக்கட்டைத் தடவிப் பார்ப்பார். மாரடைப்பு வந்து பிழைத்தவர்களின் கையில் ஒரு கடிகாரம் கட்டிவிடுவோம். அது நாடித்துடிப்பை எண்ணி எங்கள் சர்வருக்கு அனுப்பும். நர்ஸ் அறையில் பெரிய திரை, அதில் ஆளுக்கொரு பச்சைக் கோடு. கடிகாரத்துக்கு நாடி கிடைக்காவிட்டால் அது எதையும் அனுப்பாது. கோடு அறுந்துபோகும், மணி அடிக்கும். உடனே பெரிய சிஸ்டர் அந்த வீட்டுக்குப் போன் போடுவார்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் மனிதர்கள் குளிப்பார்கள், பாத்திரம் கழுவுவார்கள், கடிகாரத்தைக் கழற்றி எங்கேயாவது வைத்துவிட்டு வீடெல்லாம் தேடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் மணி அடித்தது. "உயிரோடதான்மா இருக்கேன், சோப்பு போட்டுக்கிட்டிருக்கேன்" என்று ஒருவர் கத்தியது ஸ்பீக்கரில் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

பெரிய சிஸ்டர் என் மேஜைக்கே வந்துவிட்டார். "இந்தா பாரு, ஒண்ணு இந்த மணி இருக்கணும், இல்ல நான் இருக்கணும். முடிவு பண்ணிக்கோ."

நாடிக்கு வேறு கவலை. "அட்டவணை முழுக்க ஓட்டை ஓட்டையா இருக்கு. இதை வெச்சு நான் எந்தக் கட்டுரையை எழுதுறது? ஏதாவது பண்ணும்மா."

ஏதாவது பண்ணினேன். விட்டுப்போன இடத்தில், அதே ஆளின் முந்தைய நாட்களைப் பார்த்து, அந்த நேரத்தில் வழக்கமாக எவ்வளவு துடிக்குமோ அதை இட்டு நிரப்பும் ஒரு விதியை எழுதினேன். இது ஒன்றும் திருட்டு வேலை இல்லை. ஆய்வு செய்கிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். ஆனால் அவர்கள் கடைசியில், கணக்குப் போடும்போது, ஒரு நகலில் செய்வார்கள். நான் தகவல் உள்ளே வரும் வாசலிலேயே செய்தேன். நிரப்புவது முதலில், மணியடிப்பது பிறகு. மணி பார்க்க வரும்போது ஓட்டையே இருக்காது.

அறை அமைதியாகிவிட்டது. பெரிய சிஸ்டர் என் கன்னத்தைக் கிள்ளி, "மகராசி, நல்லா இரு" என்றார். நாடி கூட்டத்தில் எழுந்து என் பெயரைச் சொல்லிக் கைதட்ட வைத்தார். எப்படி அமைதியானது என்று ஒருவராவது கேட்டார்களா? உங்களில் ஒருவரும் அந்தக் கூட்டத்தில் இருந்தீர்கள். நீங்களும்தான் தட்டினீர்கள்.

பிறகு ஒரு நாள் பெரிய சிஸ்டர் விடுப்பில் இருந்தபோது அவருடைய போனை நான் எடுத்தேன். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவரின் மகன். "அப்பா போய்ச் சேர்ந்துட்டாருங்க. காரியமெல்லாம் முடிஞ்சுது. அந்த வாட்ச்சை எங்க திருப்பிக் குடுக்கணும்?" பேசிக்கொண்டே திரையைப் பார்த்தேன். டிரைவரின் கோடு ஓடிக்கொண்டிருந்தது. வழக்கமாக அவர் நடைக்குப் போகும் நேரத்தில் கொஞ்சம் ஏறி இறங்கவும் செய்தது.

எனக்கு அப்போதே எல்லாம் புரிந்துவிட்டது. தெரியாமல் நடந்தது என்று எழுதிவிடாதீர்கள், அது என்னை அவமதிப்பது. இரண்டு வரிகளை இடம் மாற்றினால் போதும். ஆனால் மாற்றினால் மணி மறுபடி அடிக்கும். இத்தனை நாள் ஏன் அடிக்கவில்லை என்று கேள்வி வரும். மற்ற துறைக்காரர்கள் என் மென்பொருளைப் பார்க்க வருவதாக இருந்தது. அவர்கள் வந்து போகட்டும், பிறகு சத்தமில்லாமல் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். டிரைவரின் பெயருக்கு நேரே 'விலகினார்' என்று போட்டேன்.

அக்கா வீட்டுக்காரரை ஆய்வில் சேர்த்ததே நான்தான். மாமாவுக்கு மாரடைப்பு வந்து தப்பியிருந்தார். "பாத்தியா, மச்சினிச்சி எனக்கு விலங்கு மாட்டிட்டா" என்று கையை நீட்டி எல்லோரிடமும் காட்டுவார். நான் படிக்க ஃபீஸ் கட்டியவர் அவர். அவர் மேல் எனக்குப் பாசம் இல்லை என்று யாராவது சொன்னால் சும்மா இருக்க மாட்டேன்.

அக்கா மகளுக்குப் பிரசவ நேரம். வெளியூர் போக வேண்டும். "இவரைத் தனியா விட்டுட்டு எப்படிடி போறது?" என்றாள்.

"போய்ட்டு வாக்கா. ராத்திரி பகல் எங்க கண்ணு முன்னாடிதான இருக்காரு."

"நீ பண்ணினதுன்னுதான் நம்பிப் போறேன்."

துறைக்காரர்கள் வந்த அன்று மதியம், நர்ஸ் அறையில் அவர்களுக்குத் திரையைக் காட்டிக்கொண்டிருந்தேன். ஒருவர், "இதுல எது ரொம்ப நல்ல கோடு?" என்றார். மாமாவின் கோட்டைத் தொட்டுக் காட்டி, "இவர் எங்க அக்கா வீட்டுக்காரர்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அப்போதுதான் அக்காவின் போன் வந்தது.

"காலையிலேர்ந்து அடிக்கிறேன், எடுக்க மாட்டேங்குறாரு. வீடு பக்கத்துலதான, ஒரு எட்டு போய்ப் பாரேன்டி."

திரையைப் பார்த்தேன். நிஜமான இதயம் ஒழுங்காக இருக்காது. எழுந்தால் எகிறும், தும்மினால் தடுக்கும். என் விதி போடும் கோடு மட்டும்தான் சுத்தமாக, இஸ்திரி போட்ட மாதிரி இருக்கும். மாமாவின் கோடு காலைப் பலகாரத்துக்குப் பிறகு இஸ்திரி போட்டிருந்தது. எழுதியவள் நான், எனக்குத் தெரியாதா?

ஓடியிருக்கலாம். ஓடினால் பின்னாலேயே நாடி, "என்னாச்சும்மா, மணி அடிக்கலையே?" என்று கேட்டிருப்பார், அத்தனை பேர் முன்னால்.

"எழுபத்திரண்டுக்கா. நல்லா தூங்குறாரு. போன் போட்டு எழுப்பாத" என்றேன்.

"அப்பாடா. தூங்கட்டும், பாவம்" என்றாள்.

மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர்தான் கதவை உடைத்தார். மாமா சமையலறை வாசலில் கிடந்தார், கடிகாரம் கையிலேயே இருந்தது. நாடி தளர்ந்து கடிகாரத்துக்குக் கிடைக்காமல் போயிருக்கிறது. விழுந்த பிறகும் அன்று சாயங்காலம் வரை உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். நான் போன் பேசியது மதியம். ஆக, நான் போயிருந்தால் பிழைத்திருப்பார். தெரிந்தேதான் போகவில்லை. இதுதானே உங்களுக்கு வேண்டும்? எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கொலை என்றுகூடச் சொல்லுங்கள், சண்டைக்கு வர மாட்டேன். ஆனால் உங்கள் வரைவு அறிக்கையில் 'மென்பொருள் பிழை' என்று போட்டிருக்கிறீர்களே, அதை அடித்துவிடுங்கள். என் மென்பொருளில் பிழை இல்லை. கேட்டதைச் செய்தது.

அக்கா இப்போது என்னோடு பேசுவதில்லை. மாமாவை எடுத்த அன்று மட்டும், எல்லோரும் போன பிறகு, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நீ பாத்தப்ப நெஜமாவே துடிச்சுதாடி?"

"துடிச்சுதுக்கா" என்றேன்.

கூடப் பிறந்தவளிடம் நான் பொய் சொல்ல மாட்டேன். சந்தேகம் இருந்தால் நர்ஸ் அறைக்குப் போய்ப் பாருங்கள், சர்வரை இன்னும் யாரும் நிறுத்தவில்லை. மாமாவுக்கு இப்போதும் எழுபத்திரண்டுதான்.