இரட்டைப் பூட்டு ஆட்டத்தில் கார் போன விதம்

என் பெயர் ஸ்விலென் தோதோரோவ் பேய்ச்செவ். தகப்பனார் பெயர் தோதோர். வயது 27. சோஃபியா நகரம், லியூலின் ஐந்தாம் பகுதி, 514ஆம் கட்டிடம், ஆறாவது மாடியில் தனியாகக் குடியிருக்கிறேன். தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மின்னணுப் பொறியியல் படித்தவன். சொந்த ஊர் பஸார்ஜிக்.

புகார் கொடுத்துள்ள நிகழ்ச்சித் தயாரிப்பு நிறுவனத்தில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். போட்டி நிகழ்ச்சிகளுக்கான விளையாட்டுகளை வடிவமைப்பதும் அவற்றுக்கான பலகைகள், விளக்குகள், மோட்டார்களைச் செய்து இயக்குவதும் என் வேலை. வரும் டிசம்பர் முதல் தேதி செக் நாட்டில் ப்ர்னோ நகரில் லிஃப்ட் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர ஒப்பந்தம் போட்டிருக்கிறேன். வியோலெத்தா கட்சரோவா என்ற போட்டியாளருக்குக் காரின் விலையை நான் முன்கூட்டியே சொல்லிக் கொடுத்ததாகப் புகாரில் கண்டிருக்கிறது. வழக்கு நடந்தால் நான் ஊரைவிட்டுப் போக முடியாது என்று எனக்குச் சொல்லப்பட்டது. அதைத் தெரிந்துகொண்டுதான் இதைச் சொல்கிறேன்.

வியோலெத்தா கட்சரோவாவிடம் எனக்கு எந்தப் பரிவும் இல்லை. பஸார்ஜிக்கில் மூன்று மருந்துக்கடை வைத்துக்கொண்டு ஒரு காருக்காகத் தொலைக்காட்சியில் வந்து குதிக்கிறவர் பேருந்தில் வீடு திரும்பியிருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அபிப்பிராயங்களை எழுத வேண்டியதில்லை என்று விசாரணை அதிகாரி சொன்னார். எழுதச் சொன்னேன்.

கடந்த ஜூன் மாதம் தயாரிப்பாளர் ட்ராகோமிர் ஸ்லாதெவ் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, விலையைக் கண்டுபிடிக்கும் புது ஆட்டம் ஒன்று வேண்டும் என்றார். அவர் சொன்னது: "பாக்குறவன் நகத்தைக் கடிக்கணும். ஆடுறவன் அழணும். காரு மட்டும் எங்கயும் போகக் கூடாது." காரை ஒரு விற்பனையகம் விளம்பரத்துக்காகக் கொண்டுவந்து நிறுத்துகிறது. யாரும் ஜெயிக்காவிட்டால் கார் அங்கேயே திரும்பிப் போய்விடும், ஜெயித்துவிட்டால் நிறுவனம் அதற்குப் பணம் கட்ட வேண்டும். ஆகவே இது விளையாட்டு அல்ல, விளையாட்டு மாதிரி ஒன்று என்று புரிந்துகொண்டேன். இந்தத் தொழிலில் அது புதிது இல்லை.

அதன் பிறகு நான் வடிவமைத்தது இதுதான். ஒரு பலகையில் ஐந்து சிறு கதவுகள், அவற்றின் பின்னால் காரின் விலையின் ஐந்து இலக்கங்கள். முதல் கதவை நாமே திறந்து காட்டிவிடுவோம். மற்ற நான்கையும் போட்டியாளர் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். கையில் மூன்று சாவி, தவறு செய்யும்போதெல்லாம் ஒரு சாவி போகும், மூன்றும் போனால் ஆட்டம் முடிந்தது. எதுவும் தெரியாமல் குருட்டாம்போக்கில் சொன்னால் பத்தாயிரம் பேரில் பதினைந்து பேர் ஜெயிப்பார்கள் என்று கணக்குப் போட்டுச் சொன்னேன். ட்ராகோமிர் யோசித்துவிட்டு, "அந்தப் பதினஞ்சைக் கொஞ்சம் குறைக்க முடியுமா?" என்று கேட்டார்.

காரின் விலை 18,490 யூரோ. இங்கே கார் விற்கிறவர்கள் பல வருடமாக யூரோவில்தான் விலை எழுதுகிறார்கள், கண்ணாடிச் சுவரில் ஒட்டுவதும் அதைத்தான். அதை நம் பணமான லெவாவாக மாற்றினால் 36,163 லெவாவும் முப்பது ஸ்தோதிங்கியும் வருகிறது. சில்லறையை விட்டுவிடலாம், பலகையில் லெவாவையே போடலாம் என்று ட்ராகோமிர் முடிவு செய்தார். "பாருடா இந்த நம்பரை, எந்த மனுஷன் வாயிலயாவது வருமா இது?" என்று மகிழ்ச்சியோடு சொன்னார். நான் பலகையைச் செய்ய ஆரம்பித்தேன்.

அதன் பிறகு ஆகஸ்ட் மாதம், நாடு யூரோவுக்கு மாறப்போவதால் எல்லா விலையையும் இரண்டு பணத்திலும் காட்ட வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்ததும் நிறுவனத்தின் வக்கீல் ராலிட்சா மின்செவா கூட்டத்துக்கு வந்தார். பலகையில் லெவா விலை மட்டும் இருந்தால் அபராதம், யூரோ விலையும் அதே அளவு எழுத்தில் இருக்க வேண்டும் என்றார். ட்ராகோமிர் பனித்சாப் பலகாரத்தைப் பிய்த்துத் தின்றுகொண்டே, கீழே இன்னொரு வரிசை கதவு வைத்து அதன் பின்னால் யூரோ விலையைப் போட்டுவிடு, மேல்கதவு திறக்கும்போது அதற்கு நேர் கீழே இருக்கும் கதவும் கூடவே திறக்கட்டும், இரண்டும் சேர்ந்து 'டடக்' என்று சத்தம் வரும், நன்றாக இருக்கும் என்றார். அந்த இடத்திலேயே ஆட்டத்துக்கு இரட்டைப் பூட்டு என்று பெயரும் வைத்துவிட்டார். என் வரைபடத்தின் மேல் அவருடைய பனித்சாத் துகள்கள் விழுந்தன.

இது நடக்காது என்று அப்போதே சொன்னேன். அங்கே நடந்த பேச்சை நினைவில் உள்ளபடி சொல்கிறேன்.

"தலைவரே, ரெண்டு விலையும் ஒரே விலை. மாத்துற வீதம் ஒண்ணு புள்ளி ஒன்பது அஞ்சு அஞ்சு எட்டு மூணு. ஊர்ல ஒவ்வொரு கடைக் கதவுலயும் ஒட்டியிருக்கு. கீழ்வரிசை மேல்வரிசையைக் காட்டிக் குடுத்துடும்."

"யாருக்குக் காட்டிக் குடுக்கும்?"

"பெருக்கத் தெரிஞ்ச யாருக்கும்."

"இன்ஜினியரே, உனக்கு நம்ம ஜனத்தைத் தெரியாது. காசு காசா எண்ணிப் பாத்து வாங்குறவன்கூட பில்லைப் படிக்க மாட்டான். அஞ்சு தசமம் உள்ள நம்பரை மேடையில நின்னு பெருக்குவானா? என் பொண்டாட்டியே இன்னும் ரெண்டால வகுத்துட்டுப் போய்டுறா."

அதற்கு நான், அப்படியானால் கீழ்வரிசையைக் கடைசியில் ஒரே தடவையில் திறக்கலாம் என்றேன். வக்கீல் மேடம் அது கூடாது என்றார். பாதி திறந்த விலையும் விலைதான், அதற்கும் சட்டப்படி பாதி யூரோ கூடவே தெரிய வேண்டுமாம். பாதி விலை என்று ஒன்று உலகத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "அது உங்க துறை இல்ல, கண்ணு," என்றார். கடைசியாக, பார்வையாளர்களிடம் இருக்கும் செல்பேசிகளையாவது வாசலில் வாங்கி வைத்துவிடலாம் என்றேன். அவர்கள் படம் எடுத்துப் போடுவது நமக்கு இலவச விளம்பரம், வாயை மூடு என்று ட்ராகோமிர் சொன்னார். அந்தக் கூட்டத்தில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். மற்ற இருவரும் இப்போது அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்கிறார்களாம். அவர்கள் சம்பளம் அப்படிச் சொல்லச் சொல்கிறது.

அதன் பிறகு இரண்டாம் வரிசையையும் செய்து முடித்தேன். பத்துக் கதவு, பத்து மோட்டார், எல்லா இணைப்பையும் நானே பற்றவைத்தேன். ஆட்டம் முட்டாள்தனமானது. பலகை அப்படி அல்ல.

அக்டோபர் மாதம் முதல் படப்பிடிப்பு நடந்தது. போட்டியாளராக வந்த வியோலெத்தா கட்சரோவாவை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பஸார்ஜிக்கில் எழுபதாயிரம் பேர் இருக்கிறார்கள், அத்தனை பேரும் எனக்குச் சொந்தம் இல்லை. படப்பிடிப்புக்கு முன் காப்பி இயந்திரத்தின் அருகே நாங்கள் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாக ஒரு சாட்சி சொல்லியிருப்பது உண்மைதான். அவர் கேட்டது, "தம்பி, அந்த சீட்டு உறை தோலா, இல்ல தோல் மாதிரியா?" என்று. எனக்குத் தெரியாது என்றேன். "அப்ப நீ எதுக்குத்தான் இங்க இருக்கே?" என்று கேட்டுவிட்டு என் காப்பியை எடுத்துக்கொண்டு போனார். நாங்கள் பேசியது இவ்வளவுதான்.

ஆட்டம் தொடங்கி முதல் கதவு திறந்தது, மேலே 3, கீழே 1. இரண்டாவது இலக்கத்துக்கு அவர் 5 என்றார், தவறு, ஒரு சாவி போனது. பிறகு 6 என்றார், சரி. மேலே 36, கீழே 18 தெரிந்தது. அப்போது பார்வையாளர் வரிசையில் பின்னால் உட்கார்ந்திருந்த, பழுப்புக் குல்லாய் போட்ட ஒருவர் எழுந்து, "பதினெட்டாயிரத்து நானூத்தித் தொண்ணூறும்மா! ஷோரூம் கண்ணாடியில கொட்டை எழுத்துல போட்டிருக்கான், தினமும் பஸ்ல பாத்துக்கிட்டுப் போறேன்!" என்று கத்தினார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி போலிருந்தவர், "அது யூரோய்யா, அவ லெவால சொல்லணும், உக்காரு," என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். உடனே நாலைந்து பேர் பெருக்கிப் பார்க்கச் செல்பேசியை எடுத்தார்கள், பிறகு எல்லோரும் எடுத்தார்கள். பார்வையாளர்கள் கத்த வேண்டும் என்பது விதி, கத்துவதற்காகத்தான் அவர்களுக்கு ஆளுக்குப் பதினைந்து லெவாவும் ஒரு சாண்ட்விச்சும் கொடுத்துப் பேருந்தில் அழைத்து வருகிறார்கள். அவர்கள் கத்தினார்கள். "ஒண்ணு! ஆறு! மூணு!" என்று அரங்கம் முழுக்க ஒரே சத்தம். ஒரு கிழவர் மட்டும், "முப்பது ஸ்தோதிங்கியை விட்டுடாத தாயி, திருடிருவானுங்க!" என்று தனியாகக் கத்தினார். வியோலெத்தா அவர்கள் சொன்னதைத் திருப்பிச் சொன்னார். கதவுகள் திறந்தன. பிறகு ஒலிவாங்கியைப் பிடித்து, தன் உள்ளுணர்வு எப்போதும் தவறியதில்லை என்றார்.

நிறுவனம் கொடுத்திருக்கும் பதிவில் இந்தக் கூச்சல் இல்லை என்று விசாரணை அதிகாரி சுட்டிக்காட்டினார். இருக்காது. பார்வையாளர்களின் சத்தத்தை அவர்கள் பதிவு செய்வதே இல்லை. கைத்தட்டலையும் கூச்சலையும் பழைய சேமிப்பிலிருந்து எடுத்துப் பிறகு ஒட்டுவார்கள், அதுதான் சுத்தமாக இருக்கிறதாம். ஆனால் மூன்றாவது இலக்கத்திலிருந்து ஒவ்வொரு தடவையும் வியோலெத்தா பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறார் என்பது அந்தப் பதிவிலேயே தெரியும். விலையை முன்பே தெரிந்தவர் 5 என்று சொல்லி ஒரு சாவியைத் தொலைத்திருக்கவும் மாட்டார். அவ்வளவு நடிக்கிற அளவுக்கு அந்த அம்மாளுக்குத் திறமை இல்லை. இதைப் புகார் எழுதியவர்கள் கவனிக்கவில்லை என்றால் எனக்கு ஆச்சரியம் இல்லை, அவர்கள் எதையும் கவனிப்பதில்லை.

அதன் பிறகு நான்கு நாள் கழித்து, புகார் கொடுத்த பின், ட்ராகோமிர் வண்டி நிறுத்துமிடத்தில் என்னிடம் வந்து தோளில் கை போட்டார். அவர் பேசியது: "டேய் ஸ்விலென், எனக்கு உன் மேல கோவம் இல்ல. போர்டுல கோளாறுன்னு ஒரு வரி எழுதிக் குடு. ஈரம், மின்சாரம், என்னத்தையாவது எழுது. கோளாறுன்னா ஆட்டம் செல்லாது. அந்தம்மாவுக்கு ஒரு மிக்ஸி குடுத்து அனுப்பிருவோம், நான் புகாரை வாபஸ் வாங்கிடுறேன், நீ உன் செக்குக்காரன்கிட்ட போய் லிஃப்ட் ஓட்டு."

"போர்டு சரியாத்தான் ஓடுச்சு."

"போர்டுக்கு என்ன வாயா இருக்கு, வந்து சாட்சி சொல்ல?"

"எனக்கு இருக்கு."

"இருக்கு, அதான் உனக்குக் கேடு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

விசாரணை அதிகாரி கேட்டதன் பேரில் அவருடைய செல்பேசியிலேயே 18,490ஐ 1.95583 ஆல் பெருக்கச் சொன்னேன். முதல் தடவை ஒரு 5ஐ விட்டுவிட்டார், இரண்டாவது தடவை 36,163.30 வந்தது. "இதுக்கா புகார்?" என்று கேட்டார். இதற்குத்தான் என்றேன்.

அதன் பிறகு அவர் கதவைச் சாத்திவிட்டு, பார்வையாளர்களின் பெயர் விவரம் தங்களிடம் இல்லை என்று நிறுவனம் எழுதிக் கொடுத்திருப்பதாகவும், அந்தக் குல்லாய்க்காரரைத் தேடிப் பிடிக்க மாதக்கணக்கில் ஆகும் என்றும், அதுவரை நான் சந்தேகத்துக்குரியவனாகவே இருப்பேன் என்றும் விளக்கினார். பிறகு எனக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, "பலகை சரியாக வேலை செய்யாமல் இருந்திருக்கலாம்" என்று ஒரு வரி தட்டச்சு செய்து, திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"இது பொய் இல்ல தம்பி. 'இருந்திருக்கலாம்'னுதான போட்டிருக்கேன். உலகத்துல எதுதான் இருந்திருக்கக் கூடாது? கையெழுத்துப் போடுங்க, சாயங்காலம் பெட்டியைக் கட்டுங்க."

"அப்ப கார்?"

"அந்தம்மாகிட்ட ஏற்கெனவே ரெண்டு இருக்கு. உங்களுக்கென்ன?"

எனக்கு ஒன்றும் இல்லை. அந்த அம்மாள் நடந்து போனாலும் எனக்குக் கவலை இல்லை. ஆனால் பத்துக் கதவும் திறக்க வேண்டிய நேரத்தில் திறந்தன. அங்கே கோளாறாக இருந்தவர்கள் இரண்டு பேர், இரண்டு பேருக்கும் பெயர் இருக்கிறது, மேலே சொல்லியிருக்கிறேன். பெயர் இல்லாத பலகையின் தலையில் அதைக் கட்ட நான் சம்மதிக்கவில்லை.

இவ்வளவும் நான் என் வாயால் சொன்னது, யாரும் மிரட்டவில்லை, கெஞ்சினார்கள். அதிகாரி படித்துக் காட்டினார், வேகமாகப் படித்ததால் நானும் ஒரு முறை படித்தேன். "பலகை சரியாக வேலை செய்யாமல் இருந்திருக்கலாம்" என்ற வரி என் கையால் கோடு போட்டு அடிக்கப்பட்டு, "பலகை சரியாக வேலை செய்தது" என்று திருத்தப்பட்டது. திருத்தத்தின் பக்கத்தில் ஒரு கையெழுத்தும் கீழே ஒரு கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

ஸ்வி. தோ. பேய்ச்செவ்