அசையாத வலிப்பு

மத்தியானம் மூன்று மணி. பேய் ராத்திரியில்தான் வரும் என்று நம்புகிறவர்கள் இப்போதே எழுந்து போய்ப் படுத்துக்கொள்ளலாம்... ஆஸ்பத்திரிக்குப் போகும் புறவழிச் சாலையில் ஈ காக்கா இல்லை. என் நண்பனின் மச்சான் மட்டும் பைக்கில் போய்க்கொண்டிருந்தார். தலையில் ஒயர்களை ஒட்டி, மூளைக்குள் ஓடும் மின்சாரத்தைக் கோடுகளாக எடுப்பது அவர் வேலை. லீவு நாளில் கூப்பிட்டுவிட்டார்களே என்று வழியெல்லாம் முணுமுணுத்தபடி போனாராம்.

ஆஸ்பத்திரி அறையில், கட்டிலில் ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது, பேச்சில்லை. விரல்கள் மட்டும் போர்வை ஓரத்தை நிமிண்டின... நிமிண்டிக்கொண்டே இருந்தன. உதட்டோரம் லேசாகத் துடித்தது.

"நேத்துலேருந்து இப்படித்தாங்க," என்றான் புருஷன். "காத்து கருப்புங்கறா எங்கக்கா. மனசுக்கு ஏதோ ஆயிடுச்சுங்கறார் மாமா. எதுவா வேணா இருக்கட்டும்... இவ திரும்பி வந்தா போதும். கைக்கொழந்த இருக்குங்க. வெளிய அக்காகிட்ட அழுதுக்கிட்டிருக்கு."

மச்சானுக்குப் பாவமாக இருந்தது. பசையைத் தடவினார், ஒயர்களை ஒட்டினார், மெஷினைப் போட்டார். அவ்வளவுதான்! கோடுகள் தாறுமாறாகக் குதித்தன... கூர் கூராக, ஓயாமல். ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தவளின் தலைக்குள் அப்படி ஓர் ஆட்டம்.

டாக்டரம்மா வந்து திரையைப் பார்த்ததும் பதறிவிட்டார். "கை கால் இழுத்தாத்தான் வலிப்பா? இது வெளிய தெரியாத வகை. கோமா இல்ல. ஆனா நெனவு கலங்கிப் போச்சு, உள்ள வலிப்பு விடாம ஓடிக்கிட்டிருக்கு. இந்தக் கோட்டப் பாக்காட்டி, பேய்னுதான் சொல்லுவாங்க. சிஸ்டர், ஊசி! சீக்கிரம்!"

மருந்து ஏறியது. ஸ்பிரிட் வாடை... எங்கோ குழாய் சொட்டும் சத்தம். கோடுகள் மெல்ல மெல்ல அடங்கின. விரல்கள் நின்றன. அவள் திரும்பினாள்.

"கொழந்த எங்க?"

அவன் ஓவென்று அழுதுவிட்டான். டாக்டரம்மாவே கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். ஒயர்களைக் கழற்றி, சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, மேல் மாடி வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

யாரது, கதை கேட்கும்போது காலை ஆட்டுவது? நிறுத்து. இனிமேல்தான் விஷயமே.

அறையில் மச்சான் மட்டும். ஒயர்களில் இருந்த பசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். மெஷினை இன்னும் அணைக்கவில்லை. சும்மா தொங்கும் ஒயரில் வெறும் இரைச்சல்தான் பதியும். அவருக்குத் தெரியாததா? ஆனால் திரையில்... ஒரு மூளை. விழித்திருக்கும் மூளை. இமைத்தால் துள்ளும் நெற்றிப் பக்கத்துக் கோடு, படபடவென்று துள்ளியது. அழுகிறவர்கள் அப்படித்தான் இமைப்பார்கள் என்கிறார் மச்சான்.

தொழில் பழக்கம்... வாய் தானாகச் சொல்லிவிட்டது. "கண்ண மூடுங்கம்மா."

கோடுகள் சட்டென்று ஒழுங்காயின. சீரான, சின்னச் சின்ன அலைகள். கண்ணை மூடினால் நம் எல்லோருக்கும் வருவது அதுதான்.

"தெறங்க..."

கலைந்தன.

மச்சான் குனிந்து பார்த்தார். ஒயர்கள் அவர் கையில்தான் இருந்தன. ஒயரின் மறுமுனையில் யாருமில்லை. எப்படியோ கேட்டுவிட்டார். "கொழந்தையோட அம்மா... நீங்களா? ஆமான்னா கண்ண மூடுங்க."

மூடினாள். அப்படியானால் நாற்காலியில் போனவள்?

கதவு திறந்தே கிடந்தது. நடைக்கோடியில் லிஃப்டுக்காகக் காத்திருந்தார்கள். வீறிட்டு அழுத குழந்தையை, சக்கர நாற்காலியில் இருந்தவளின் மடியில் வைத்தான் புருஷன். குழந்தை அழுகையை நிறுத்தியது... பாதி மூச்சில்.