பெட்டி உமது, பாட்டு எமது

இம்மணப்பந்தலுக்குத் தலைமை ஏற்றிருக்கும் தேவபிரசாதம் ஐயா அவர்களே! கடலோடு மல்லுக்கட்டிக் கரையேறி வந்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாய் ஓடிவந்திருக்கும் தாய்மார்களே! மணக்கோலத்தில் மலர்ந்திருக்கும் ஜெயசெல்வியே, மாப்பிள்ளையே! பள்ளிக்கூடத்துப் பிளாரன்ஸ் டீச்சரின் பணிவான வணக்கம்.

வாழ்த்த வந்தவள் கையில் வக்கீல் நோட்டீஸ் இருக்கிறது! எட்டாண்டுக்கு முன், இவ்வீட்டு மூத்த மகள் பிலோமியின் திருமணத்துக்கு நான் வாழ்த்துப்பா எழுதினேன். கடலில் சங்கு குளிக்கப் போய்த் திரும்பாத அவள் தந்தையை அதில் அழைத்தேன். அன்று அழாதவர் உண்டா? அதே வரிகள் தங்கைக்கும் வேண்டும் என்றார் தாயார். அச்சடிக்கக் கொடுத்தேன், வந்தது நோட்டீஸ். அவ்வரிகள் அச்சுக்கூட முதலாளியின் 'கவிப்பெட்டி'க்குச் சொந்தமாம். அச்சிடவும் கூடாதாம், அவையில் வாசிக்கவும் கூடாதாம்.

அதென்ன கவிப்பெட்டி? தம்மிடம் அச்சான பழைய வாழ்த்துப்பாக்களை வரிவரியாய் நறுக்கிச் சக்கரங்களில் ஒட்டியிருக்கிறார். கைப்பிடியைச் சுற்றினால் வரிகள் கூடிப் புதிதாய் ஒரு வாழ்த்துப்பா வரும்! கீழே அவர் பெயர். எழுதியவர்களைக் கேட்டாரா? ஒரு வார்த்தை கேட்டாரா?

பெட்டியின் பெருமையைக் கேளுங்கள். சென்ற தையில் ஆழ்வார்திருநகரி பக்கம் சொரிமுத்து அண்ணாச்சி மகளுக்குக் கல்யாணம். பெட்டி தந்த வாழ்த்துமடலை வாசிக்கிறார்கள், அதில் என் வரி: "கடல்கொண்ட தந்தையே, காற்றாக வாரும்!" அண்ணாச்சியோ சாம்பார் வாளியோடு பந்தியில் நிற்கிறார்! "ஏலே, என்னைய எப்பம்லே கடல்ல தள்ளுனீங்க? நான் கடலப் பாத்ததே இல்லியேலே!" என்றாராம். சிரிக்கிறீர்கள்; அவர் மனைவி தாலியைப் பிடித்துக்கொண்டு அழுதாளே! கேட்கப் போனவர்களிடம் முதலாளி சொன்னார்: "பெட்டி செஞ்ச தப்புக்கு நான் என்ன செய்ய?"

ஐயா முதலாளி! பிழை வந்தால் பெட்டியுடையது, புகழ் வந்தால் உம்முடையதா? சக்கரம் உமது, வைத்துக்கொள்ளும். கைப்பிடி உமது, கை வலிக்கச் சுற்றிக்கொள்ளும். எங்கள் கண்ணீர் எப்போது உமதாயிற்று? யுத்தம் வந்தது, அரிசிக்கு ரேஷன், மண்ணெண்ணெய்க்கு ரேஷன், பொறுத்தோம். வாழ்த்துக்கும் ரேஷனா?

என்ன சொல்கிறீர்கள் அங்கே? "டீச்சர், கோர்ட்டுக்கு இழுப்பாவ" என்கிறீர்களா? இழுக்கட்டும்! பள்ளி நிர்வாகத்துக்கும் நோட்டீஸின் நகல் ஒன்று போயிருக்கிறது. வேலை போகலாம். பயமில்லையா என்றால், இருக்கிறது. நேற்றுக் காலையில் பயந்துபோய்த்தான் தாயாரிடம் கேட்டேன், வேறு பாட்டு வாசிக்கட்டுமா என்று. அவர் சொன்னார்:

"ஏளா பிளாரன்ஸ், எங்க வீட்டுக்காரவுகளக் கூப்பிடுததுக்கு அவன்ட்ட எதுக்குளா கேக்கணும்?"

நான் வெட்கப்பட்டேன், ஐயா. அச்சுக்கூடம் மறுத்தால் என்ன? கை இருக்கிறது, மை இருக்கிறது. பாட்டை நாங்களே எழுதி உங்கள் ஒவ்வொருவர் கையிலும் தந்திருக்கிறோம். பிரியுங்கள் தாளை! ஒருத்தி வாசித்தால் ஒரு வழக்கு. ஊரே வாசித்தால் எத்தனை வழக்குப் போடுவார்? எத்தனை பேரைக் கூண்டில் ஏற்றுவார்?

பொறுமையாய்க் கேட்ட அவைக்கு நன்றி. மணமக்கள் நீடு வாழ்க! அம்மா, மேடைக்கு வாருங்கள். முதல் வரி உங்களுடையது. கூப்பிடுங்கள் அவரை.