பிரீஸ்கோலயில் பிள்ளையைச் சேர்ப்போர் கவனத்திற்கு

மடுமாதா அறியச் சொல்கிறேன், இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. கோழிகளைப் பற்றிச் சொல்லப்போவதும் உண்மை.

அந்தப் பள்ளிக்கூடத்தில் கோழி வளர்க்கிறார்கள். ஹேர்னிங் நகரிலிருந்து காரில் போனால் இருக்கை சூடாவதற்குள் வந்துவிடுகிற சின்ன ஊர். அங்கே இருப்பது டேனிஷில் பிரீஸ்கோல என்கிற வகைப் பள்ளி. காசில் பெரும்பங்கை அரசாங்கம் கொடுக்கும், நடத்துவது தாய் தகப்பன்மார். வகுப்புகள் சின்னவை. காலையில் எல்லாப் பிள்ளைகளும் கூடிப் பாடுவார்கள். அப்போது சேவலும் சேர்ந்து கூவும். அதற்குச் சுருதி பிசகி நான் கேட்டதில்லை. பியானோ வாசிக்கிறவர்தான் சில நாள் அதைப் பார்த்துத் திருத்திக்கொள்வார்.

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் இளம் தம்பதிகள் என்னைக் கண்டால் விடுவதில்லை. "அங்கிள், அந்த ஸ்கூல் நல்லா இருக்குமா? எங்க பொண்ணைச் சேர்க்கலாமா?" நல்ல பள்ளி, தாராளமாகச் சேருங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் ஒரு விசயத்தைப் பெற்றோர் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கொம்யூன் என்கிற நகரசபை நடத்தும் சாதாரணப் பள்ளி உங்கள் பிள்ளையை இலேசில் வெளியேற்றாது. பிரீஸ்கோல வெளியேற்றலாம். "உங்களுக்கும் எங்களுக்கும் நடுவில் நம்பிக்கை போய்விட்டது" என்று கோப்பி ஊற்றித் தந்து அமைதியாகச் சொன்னால் முடிந்தது. பிள்ளை ஒரு பிழையும் செய்யத் தேவையில்லை. தாய் செய்தால் போதும்.

நான் அதைச் செய்துபார்த்துத் தெரிந்துகொண்டேன்.

என் பேத்தி ஜெனிற்றா வாசிப்பில் கொஞ்சம் மெதுவு. பெரிய வகுப்பில் கடைசிக் கதிரையில் இருந்து சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரீஸ்கோலயில் கேட்டோம். இரண்டாம் வகுப்பு நிரம்பிவிட்டது, ஒரு பிள்ளை விலகினால் உங்களைத்தான் முதலில் கூப்பிடுவோம் என்றார்கள். அந்த வகுப்பில் இருந்த ஒரே தமிழ்ப் பிள்ளை ஜெரோசன். டேனிஷ் பிள்ளைகளின் வீடுகளில் எனக்குப் பழக்கமில்லை. மனிதன் தனக்குப் பழக்கமான இடத்தில்தான் தொடங்க முடியும்.

ஜெரோசனின் தாய் கிளோறியா, மன்னார்ப் பக்கத்துப் பிள்ளை. புருசன் இறந்துவிட்டார். தொழிற்சாலையில் துணி மடிக்கிறாள். அவளுடைய டேனிஷ் மெஷினோடு வேலை செய்யப் போதும், ஆசிரியரோடு கதைக்கப் போதாது. நான் இந்த நாட்டில் நரைத்தவன். ஆகவே எங்கே போவதென்றாலும் "அப்பு, ஒருக்கா வாறியளே" என்று கூப்பிடுவாள். ஒரு நாளும் நான் மாட்டேன் என்று சொன்னதில்லை.

ஜெரோசன் பழைய பள்ளியில் வாயே திறக்காத பிள்ளை. வைத்தியர்கள்கூடப் பார்த்தார்கள். பிரீஸ்கோலக்கு வந்து முதலில் கோழிகளோடு கதைத்தான், பிறகு பிள்ளைகளோடு. கோழிகள் திருப்பி டேனிஷில் பதில் சொல்வதாகச் சொன்னான். நான் போய்க் கேட்டுப் பார்த்தேன். இந்தப் பக்கத்து யூலண்ட் உச்சரிப்பு.

"அவன்ர வாய் திறந்த இடம் அப்பு இது. இதை விட்டா அவன் திரும்ப ஊமையாப் போயிடுவான். நான் செத்தாலும் இந்தப் பள்ளிக்கூடத்தை விடன்" என்று கிளோறியா என் காருக்குள் இருந்து சொன்னாள். நான் அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

பிரீஸ்கோலயில் வேலைச் சனிக்கிழமை என்று ஒன்று உண்டு. தாய் தகப்பன்மார் வந்து கழிவறை கழுவுவார்கள், வேலிக்குப் பெயின்ற் அடிப்பார்கள். வராதவரை யாரும் ஏசுவதில்லை. ஞாபகம் மட்டும் வைத்துக்கொள்வார்கள்.

"நானும் வரவேணுமே அப்பு?"

"உனக்கென்ன விசரே பிள்ளை? கிழமை முழுக்க நிண்டு வேலை செய்யிற உடம்பு. நீ படு. நான் போய்ச் சொல்லிவிடுறன்."

நான் போனேன். பெயின்றும் அடித்தேன். கிளோறியா எங்கே என்று தலைமை ஆசிரியை பிர்கிட்டா கேட்டார். "வீட்டில் படுத்திருக்கிறா" என்று சொன்னேன். உண்மையைத்தான் சொன்னேன். அடுத்த முறையும் அதையே சொன்னேன், அப்போதும் அது உண்மை. மூன்றாம் முறை பிர்கிட்டா கேட்கவில்லை. நான் அடித்த வேலி மட்டும் மிக அழகாக இருக்கிறதென்று சொன்னார்.

பிறகு பிள்ளையைப் பற்றிப் பெற்றோரும் ஆசிரியரும் கதைக்கும் சந்திப்பு வந்தது. கிளோறியாவை ஏற்றிக்கொண்டு போனேன். வழியில் சொன்னேன்: "பிள்ளை, ஒண்டு சொல்லுறன். தமிழ்த் தாய்மார் ஆம்பிளைப் பிள்ளையளைச் செல்லம் குடுத்துக் கெடுக்கினம் எண்டு அவைக்கு ஒரு பயம். நீ கொஞ்சம் கண்டிப்பான ஆள் எண்டு காட்டு." இதையும் பொய் என்று நீங்கள் சொல்ல முடியாது. அப்படிப் பயப்படுகிற ஒருவர் அந்தப் பள்ளிக்குப் போய்வந்துகொண்டுதான் இருந்தார். அது நான்.

மேசையில் மெழுகுதிரி எரிந்தது, கோப்பி இருந்தது, கேக் இருந்தது. பிர்கிட்டா ஜெரோசனைப் புகழ்ந்தார். கிளோறியாவுக்குக் கண் கலங்கியது. நம் ஊரில் எந்தத் தாயும் வாத்தியாருக்கு மரியாதையாகச் சொல்வதை அவளும் சொன்னாள்.

"இனி நீங்கள்தான் அவனுக்குத் தாய் தேப்பன். குழப்படி செய்தா நல்லா அடியுங்கோ. நான் ஏனெண்டு ஒரு சொல்லுக் கேக்க மாட்டன்."

உங்களில் எத்தனை பேரின் தாய் இதைச் சொல்லியிருப்பார். "உங்களை முழுக்க நம்புகிறேன்" என்பதுதான் இதன் கருத்து. அதை டேனிஷில் சொல்ல எனக்குத் தெரியும், அழகாகவே வரும். ஆனால் மொழிபெயர்க்கிறவன் தன் கருத்தைக் கலக்கக் கூடாது. அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். பிர்கிட்டா கோப்பையைக் கீழே வைத்தார்.

"வீட்டில் நீங்கள் அவனை அடிப்பதுண்டா?" என்று மிக மெதுவாகக் கேட்டார். இதையும் அப்படியே கேட்டேன். கிளோறியா என் முகத்தைப் பார்த்தாள். நான் இலேசாகத் தலையாட்டினேன்.

"ஓம் ஓம், தேவையெண்டா அடிப்பன்" என்று சொல்லிச் சிரித்தாள்.

சொன்னதை மொழிபெயர்த்தேன். சிரித்ததைப் பிர்கிட்டா தானே பார்த்துக்கொண்டார்.

இதுவும் பெற்றோர் தெரிந்திருக்க வேண்டியது. இங்கே பிள்ளையை அடிப்பது குற்றம். ஆசிரியர் கேள்விப்பட்டால் கொம்யூனுக்கு அறிவித்தே ஆக வேண்டும். பிர்கிட்டா நல்ல மனுசி. கடமை என்பதால் செய்தார்.

வரும் வழியில் கிளோறியா கேட்டாள்: "நான் நல்லாக் கதைச்சனானே அப்பு?"

"வடிவாக் கதைச்சாய்" என்றேன்.

கொம்யூனிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். அவள் அழுதழுது இல்லை என்றாள். முதலில் ஓம் என்று சொல்லிவிட்டுப் பிறகு இல்லை என்பவர்களை அவர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். ஜெரோசனைத் தனியாக விசாரித்தார்கள். அவன் உண்மை பேசுகிற பிள்ளை. ஒருநாள் பஸ் வருகிற நேரம், பார்க்காமல் தெருவுக்கு ஓடினான், அம்மா இழுத்து முதுகில் ஒன்று போட்டாள். அதைச் சொன்னான். வாய் திறக்கப் பழகிய பிள்ளை, கேட்டதற்குப் பதில் சொல்லுவான்தானே.

இப்போது அவன் ஹோர்சன்ஸ் பக்கம் ஒரு டேனிஷ் குடும்பத்தில் வளர்கிறான். நல்ல ஆட்கள். தற்காலிக ஏற்பாடு என்றார்கள், அதன் பிறகு இரண்டு முறை உடுப்பு அளவு மாறிவிட்டது. கிளோறியா அவனைக் கொம்யூன் அறையில், ஒரு பெண் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கத்தான் சந்திக்கலாம். அவன் தமிழை விட்டுவிட்டான். மறந்தானோ, வேண்டாமென்று வைத்தானோ, என்னால் சொல்ல முடியாது. தன் பிள்ளையோடு கதைக்க அவளுக்கு இப்போது மொழிபெயர்ப்பாளர் வேண்டும். கொம்யூன் தருகிறவர் தொலைபேசிக்குள் இருந்து கதைக்கிறவர், முகமில்லாத ஆளோடு கதைக்க அவளுக்குப் பயம். "அப்பு வரட்டும்" என்று எழுதிக் கேட்டாள். விட்டார்கள்.

போன முறை அவன் மேசையைச் சுரண்டிக்கொண்டு டேனிஷில் கேட்டான்: "நான் எப்போது வீட்டுக்கு வரலாம்?"

"என்னவாம் அப்பு? என்ன கேக்கிறான்?"

"சாப்பாடு நல்லாயிருக்காம்" என்றேன். அதையும் அவன் அதற்குச் சற்று முன்னால் சொல்லியிருந்தான். உண்மைகளில் எதைக் கொடுப்பது என்று மட்டும்தான் நான் தெரிவுசெய்கிறேன். அவள் அழுதால் சந்திப்பை நிறுத்திவிடுவார்கள், அதையும் யோசிக்க வேண்டும். திரும்பும்போது எனக்கென்று இறால் பொரித்துக்கொண்டு வந்திருந்தாள். "உங்களை விட்டா எனக்கு ஆர் இருக்கினம்" என்று சொல்லித் தந்தாள். உப்புக் கொஞ்சம் கூட. முழுவதையும் சாப்பிட்டேன்.

ஜெனிற்றா இப்போது நன்றாக வாசிக்கிறாள். காலையில் கோழிகளுக்கு இரை போடுவதும் அவள்தான். அவளைக் கண்டதும் ஒவ்வொரு கோழியும் ஒரு காலைத் தூக்கி நிற்கிறது, நானே பார்த்தேன். ஒரு கிழவன் பேத்திக்காக எவ்வளவு தூரம் போவான் என்பது பெற்றோராகிய உங்களுக்கு விளங்கும். இடம் ஒன்றுதான், பிள்ளைகள் இரண்டு. என் இடத்தில் நின்றால் நீங்களும் வேறென்ன செய்திருப்பீர்கள்.

ஒரு டேனிஷ் குடும்பம் ஓகூஸ் நகருக்கு மாறிப் போகிறது, ஜெனிற்றாவுக்கு இடம் உறுதி என்று பிர்கிட்டா எனக்குத் தொலைபேசியில் சொன்னது ஏப்ரலில். கிளோறியாவைப் பிர்கிட்டாவோடு நடந்த அந்தச் சந்திப்புக்கு நான் ஏற்றிக்கொண்டு போனது அதே ஆண்டு மே மாதம்.