சுவர் வெளுத்த வீடு

— அத மட்டும் விட்டுட்டுப் போயிடலாம் மச்சான். அந்த அலமாரி அங்கயே இருக்கட்டும்.

— என்ன புள்ள ஜரீனா சொல்ற? தேக்கு மரம். என் வாப்பா நாகூர்லேர்ந்து கப்பல்ல ஏத்திக் கொண்டாந்தது. வண்டிக்காரன் வாசல்ல நிக்கிறான். சாயங்காலம் பினாங்குக் கப்பல். இப்பப் போயி இப்படிச் சொன்னா?

— வீட்ட வாங்குறவங்களுக்கே கொடுத்துடுங்களேன்.

— அழகப்பன் வீட்டத்தான் கேட்டாரு, அலமாரிய இல்ல. சாவி வாங்க எந்நேரமும் வந்துடுவாரு. நகரு, நானே இழுக்குறேன்.

— மச்சான், வேணாம்னா கேளுங்க!

— அல்லாவே... என்னது இது?

— தொடாதீங்க.

— செவுரு பூரா கை! சின்னச் சின்னக் கை. எந்தப் புள்ள வச்சது? நம்ம வீட்டுல ஏது புள்ள?

— இருந்தானே.

— ஜரீனா...

— கீழேர்ந்து பாருங்க. என் முழங்கால் ஒசரத்துல இருக்கே, அது நம்ம அலீம் மவுத்தாகி நம்மள விட்டுப் போன வருஷம் வந்தது. சிராங்கூன் ரோட்டுல டிராம் ஓட ஆரம்பிச்ச வருஷம். நாப்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிச்சு, மறுநாள் காலையில இந்த அறையத் தொறந்தேன். இருந்துச்சு.

— நீயா எதையாச்சும் தொட்டு வச்சியா?

— நான் எதுக்கு வைக்கணும்? அடுத்த மழைக்கு அதுக்கு மேல ஒண்ணு வந்துச்சு. அதுக்கு அடுத்த மழைக்கு இன்னும் மேல. கையும் பெருசாயிட்டே வருது பாருங்க. கடைசியா வந்தது என் நெஞ்சு ஒசரம். இப்ப இருந்தான்னா அவனும் அவ்வளவு வளந்திருப்பான்ல?

— ஈரமா இருக்கு புள்ள. வெளிய இந்த வெயில் காயுது, இது சில்லுன்னு இருக்கு.

— தொடாதீங்கன்னு சொன்னேன்ல!

— இத்தன வருஷமா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல நீ.

— சொன்னா சுண்ணாம்பு அடிச்சிருப்பீங்க. அதான் அலமாரிய நகத்தி மறைச்சேன். பொடவை எடுக்குற சாக்குல பக்கத்துல எட்டிப் பாத்துக்குவேன்.

— இதுக்காகத்தான் ஊருக்கே வர மாட்டேன்னு நின்னியா? உன் தங்கச்சி கல்யாணத்துக்குக்கூட?

— நான் இல்லாத நேரத்துல அவன் கைய வச்சான்னா யாரு மச்சான் பாக்குறது?

— இங்க வா. இந்தப் பெட்டி மேல உக்காரு. என்னயப் பாரு. அவன இந்தக் கையாலதான் மண்ணுல எறக்குனேன். அவன் அங்க அல்லாவோட காவல்ல இருக்கான். செவுத்துல இல்ல.

— அப்ப இது யாரு?

— தெரியல. என்னான்னே தெரியாத ஒண்ணப் பாத்துப் பாத்து நீ எலும்பா ஆயிட்ட. ஒரு புள்ளைய இந்த வீட்டுல பறிகொடுத்துட்டேன். உன்னையும் பறிகொடுக்க மாட்டேன்.

— சரி, போவலாம். அவங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிக்கிறேன்.

— நான் வெளிய நிக்கவா?

— வேணாம், கூடவே இருங்க... அலீமு, உம்மாவும் வாப்பாவும் கெளம்புறோம்டா ராசா. பினாங்குல உன் சாச்சா வீட்டுக்கு. வர முடிஞ்சா வா. முடியலன்னா அழுவக் கூடாது, என்ன?

— போதும் புள்ள. வா.

— ஜரீனா! தாயி! கெளம்பிட்டீங்களா? சொல்லாமப் போயிடுவீங்களோன்னு அடுப்ப அப்படியே போட்டுட்டு ஓடியாறேன்.

— வாங்க சரஸ்வதி அக்கா. அடுத்த வீட்டுல இருக்குற உங்ககிட்ட சொல்லாமப் போவேனா?

— இந்தா, முறுக்கு. கப்பல்ல கொறிக்க ஆவும். ஏன் தாயி கண்ணெல்லாம்... முருகா! முருகா! இது மறுபடியும் வந்துடுச்சா?

— மறுபடியுமா? என்னக்கா சொல்றீங்க?

— மரைக்காயரே, மொதல்ல தாயிய வெளிய கூட்டிட்டுப் போங்க.

— அவளும் கேக்கட்டும். சொல்லுங்கம்மா.

— உங்களுக்கு முன்னாடி தங்கம்னு ஒருத்தி இங்க இருந்தா. அவ மக இதே அறையில வாந்திபேதியில போயிட்டா. பொறவு இதே செவுத்துல இதே மாதிரி கை. எம்மக செவுத்துக்குள்ள வளருறான்னு புலம்பிக்கிட்டே கெடப்பா. ஓதம் ஏறுன செவுரு, துக்கத்துல அவளுக்கு அப்படித் தெரியுதுன்னு நாங்க நெனச்சோம்.

— பொண்ணாக்கா?

— பொண்ணுதான் தாயி. புருஷங்காரன் வீட்ட வித்துட்டு அவள சிரம்பானுக்கு இழுத்துட்டுப் போனான். வண்டி கெளம்புனதும் நான்தான் அறையப் பெருக்க வந்தேன். செவுரு வெளேர்னு இருந்துச்சு. ஒரு கறை இல்ல.

— நாங்க வந்தப்பவும் வெளேர்னுதான் இருந்துச்சு.

— அலீம் என் இடுப்புல இருந்தான். சிரிச்சுக்கிட்டே கைய நீட்டி இந்தச் செவுத்தத்தான் தொட்டான். அந்த மாசமே காய்ச்சல். மச்சான், இத்தன வருஷமா நான் யாரப் பாத்துக்கிட்டு இருந்தேன்?

— எந்திரி புள்ள. இப்பவே போயிடலாம். அலமாரியும் வேணாம், ஒண்ணும் வேணாம்.

— இருங்க. மேல பாருங்க. அந்தப் பெரிய கையக் காணோம்.

— வெளிச்சம் கொறஞ்சிருக்கும்.

— இல்ல மரைக்காயரே, மறையுது. அதுக்குக் கீழ இருக்குறதும் மங்குது பாருங்க. தங்கம் போனப்பவும் இப்படித்தான் ஆயிருக்கும்.

— நாம போறோம்னு அதுக்குத் தெரிஞ்சிடுச்சு மச்சான். எடத்தத் தொடச்சு வைக்குது.

— யாருக்கு?

— வாசல்ல ரிக்‌ஷா சத்தம் கேக்குதே. அக்கா, சன்னல்ல எட்டிப் பாருங்க.

— அழகப்பன்தான் தாயி. பொண்டாட்டியும் வந்திருக்கா.

— மடியில?

— பையன். நடக்க ஆரம்பிச்ச வயசு. எறங்கணும்னு கையக் கால ஒதறுறான்.

— மச்சான், அவங்ககிட்ட சொல்லுங்க!

— எப்படிச் சொல்றது புள்ள? எதக் காட்டுறது? செவுருதான் வெளுத்துக்கிட்டு இருக்கே.

— என் புள்ளைங்க தங்கம் இருந்தப்பவும் இங்க வெளையாடுச்சுங்க, நீங்க இருந்தப்பவும் வெளையாடுச்சுங்க. ஒண்ணும் ஆவல. வீடு ஆள் மாறுறப்பதான் மரைக்காயரே அது புதுசா ஒரு புள்ளையக் கேக்குது.

— பையன் எறங்கிட்டான் மச்சான். சிரிப்புச் சத்தம் கேக்குது.

— வழிய விடு. கப்பல் போனா போவட்டும். அழகப்பரே! அங்கயே நில்லுங்க! புள்ளையத் தூக்கிக்கோங்க, படியேற விடாதீங்க. இந்த வீட்ட நான் கொடுக்கல. நானும் இவளும் இங்கதான் இருக்கப் போறோம்.